சாக்பீஸ் கோல்போஸ்ட்

இரும்புக் குழாய்களை வெட்டுமுன் அளவு பார்க்க, பட்டறைத் தரையில் வெல்டர் சென்னிமலை சாக்பீஸால் கோல்போஸ்ட் வரைந்தார்.

“இன்னும் அகலமா வேணுங்கண்ணா,” என்றாள் தேஜஸ்ரீ.

“சின்னப் புள்ளைங்களுக்கு இது போதாதா கண்ணு?”

“ஞாயித்துக்கிழமை மேட்ச்ல என் சிநேகிதி ரித்திகா ஒரு கோலாவது போடணும். இல்லீனா பந்தை விட்டுட்டு பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போகச் சொல்லிட்டான் அவங்கப்பன். பொம்பளப் புள்ளைன்னா அவ்வளவு இளக்காரம்.”

தேஜஸ்ரீ கோட்டுக்கு நடுவில் கைநீட்டிப் படுத்துக் கண்ணை மூடினாள். மனசுக்குள் பந்து பஞ்சு மாதிரி மிதந்து வந்தது. அவள் விரல்நுனியைத் தாண்டி, அவசரமே இல்லாமல் உள்ளே போனது.

“ரெண்டு பக்கமும் ஒரு முழம் தள்ளிப் போடுங்க.”

“எதிர் டீம் கோல்கீப்பர் பாவம். யாரு கண்ணு அது?”

“நான்தானுங்க. பாஞ்சுதான் புடிப்பேன். எட்டாது.”