வெட்டிய பஜார் காட்சி

தன் விமர்சனம் வந்தால் சினிமாக்காரர்களுக்கு வயிற்றைக் கலக்கும் என்று ரஷீது நம்பினார். இந்த முறை அது பலித்தும்விட்டது. "இரண்டாம் பாதி ஒரே இழுவை. அந்த மட்டாஞ்சேரி பஜார் காட்சியை வெட்டி எறியணும்" என்று யூடியூபில் அவர் முழங்கிய மறுவாரமே படக்குழு அதை நீக்கிவிட்டது.

பெருமையைச் சொல்லச் சாயாக்கடைக்கு இறங்கினார்.

"கேட்டியா அன்சார், நான் சொன்னதும் வெட்டிட்டானுங்க."

அன்சார் சாயா ஆற்றுவதை நிறுத்தினான். "அந்தக் காட்சியை நீங்க பாத்தீங்களா இக்கா?"

"அந்நேரம் போன்ல விமர்சனம் தட்டிக்கிட்டிருந்தேன். ஏன்?"

"நம்ம பஜார்ல ஷூட்டிங் நடந்த அன்னிக்கு சகீலா இத்தா மீன் வாங்கிட்டு வந்தாங்க. கேமராவைக் கவனிக்காம, என்னமோ நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே நடந்தாங்க. திரை முழுக்க அவங்கதான். பாத்துட்டுத்தான் பேசறீங்கன்னு நினைச்சேன்."

ரஷீது சாயாவைத் தொடாமல் தோப்பும்படியில் இருக்கிற தியேட்டருக்கு ஆட்டோ பிடித்தார். பஜார் வர வேண்டிய இடத்தில் படம் ஒரே தாவலாகத் துறைமுகத்துக்குப் போய்விட்டது.

"இப்பதான் படம் விறுவிறுன்னு போகுது, அல்லே?" என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

அவர் மனைவி சகீலா மௌத்தாகி, அடக்கம் செய்து ஒரு வருடம் ஆகிறது. போட்டோ என்றாலே முகத்தை மூடிக்கொள்கிறவள். ஆதார் அட்டையில் முறைத்துக்கொண்டிருக்கிற படம் ஒன்றுதான் வீட்டில் இருக்கிறது.