காய்ச்சல் இல்லை

“காய்ச்சல்னு சொல்லித் தொலையேன், மெரினா. அரை நாள் சம்பளத்துக்காவது பேர் போட்டுடுறேன்.”

காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து எல்லோரும் ரப்பர் மலைக்கு ஏறிவிட்டிருந்தார்கள். வாளியோடு தனியாக வந்தவளைக் கங்காணி யோகராஜ் மறித்துக்கொண்டு நின்றார்.

“காய்ச்சல் இல்லீங்க. மனசு சுகமில்ல. எந்திரிக்க முடியல. இப்ப முடிஞ்சிச்சு, வந்துட்டேன்.”

“பதினஞ்சு வயசில வந்த சீக்கு. முப்பது தாண்டிட்ட, இன்னுமா?”

“இன்னுந்தான். போகும், வரும். மாத்திரை குடிக்கிறேன். பொய் சொல்லிப் பேர் வாங்க மாட்டேன்.”

“வாய்க்கு மட்டும் கொறச்சலில்ல. இன்னைக்கும் பால் கொறஞ்சா ஒன் மரத்த வேற ஆளுக்குக் குடுக்கச் சொல்லிட்டாரு தொரை.”

மேலே மரங்களுக்கு நடுவிலிருந்து புஷ்பத்தின் குரல் வந்தது. பக்கத்து மரங்கள் அவளுடையவை.

“மகாராணி வந்துட்டாங்களா? மனசு சுகமில்லையாம்! எங்களுக்கெல்லாம் மனசே இல்ல பாரு. பிஸ்ஸு மருந்து, பைத்திய மருந்து குடிக்கிறவளுக்கு மரத்தக் குடுத்தா இப்பிடித்தான்!”

“குடிக்கிறேந்தான், புஷ்பக்கா. ஒங்க வீட்டுத் தண்ணியிலயா குடிக்கிறேன்?”

யோகராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டார்.

வெயில் ஏறிவிட்டது. இனி வெட்டினாலும் பால் சரியாக இறங்காது. மரம் போனது போனதுதான் என்று மெரினாவுக்குத் தெரியும். இருந்தும் விறுவிறுவென்று ஏறிக் கத்தியை எடுத்தாள்.

முதல் மரத்தில் பட்டை வெட்டியாகியிருந்தது. சிரட்டை நிறையப் பால். அடுத்ததிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

கடைசி மரத்தடியில் புஷ்பம் குனிந்து நின்றாள், கையில் கத்தி.

“அக்கா, என் மரத்தையா...”

“கத்தாத. கீழ கேக்கும்.”

“அப்ப ஏன் அப்பிடி ஏசினீங்க?”

“ஏசாட்டி, வெட்டுனது யாருன்னு அந்தாளு யோசிப்பான்ல.”

புஷ்பம் தலையைத் தூக்கவில்லை.

“எங்க கோகிலா ரெண்டு மாசமா செவுத்தப் பாத்துப் படுத்துக் கெடக்கா. ஸ்கூல்ல காய்ச்சல்னு சொல்லி வச்சிருக்கேன். அவளுக்கும் பதினஞ்சு.” கத்தியைச் சேலையில் துடைத்தாள். “தெனமும் ஒன் வீட்டுக் கதவத்தான் பாக்குறேன். அது தொறந்தாத்தான் எனக்கு அடுப்பு மூட்டவே கை வருது.”

மெரினா வாளியைக் கீழே வைத்தாள்.

“வெள்ளிக்கிழமை மனசுக்குப் பாக்குற கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க. அது எந்தப் பக்கம்னு ஆஸ்பத்திரியில யாரு காதுலயும் குசுகுசுக்காதீங்க. சத்தமாவே கேளுங்க.”

வெள்ளிக்கிழமை பெரட்டில் யோகராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

“லீவா, புஷ்பம்? மகளுக்குக் காய்ச்சலா?”

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற புஷ்பம், பெரட்டுக் களம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

“காய்ச்சல் இல்லீங்க. மனசு சுகமில்ல.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். புஷ்பம் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

தாயும் மகளும் பஸ் ரோட்டுக்கு இறங்கினார்கள். மெரினா, களத்துச் சுவரோரம் கிடந்த புஷ்பத்தின் வாளியைத் தன் வாளிக்குள் செருகிக்கொண்டு மலை ஏறினாள்.