மணலில் கீறிய குதிரைமலை

மாம்புரியில் வெயில் சாய்கிறது. தென்னைகளுக்கிடையே, மௌத்தாகி அடக்கமாகிவிட்ட வாப்பாவின் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. ஃபாஹிம் அதன் சங்கிலிக்கு கிறீஸ் பூசிவிட்டு, முற்றத்து மணலில் குச்சியால் கடற்கரையைக் கீறுகிறான். வடக்கே, கீறல் முடிகிற இடத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்க்கிறான். அதுதான் குதிரைமலை, பழங்காலத்து இடிபாடுகள் கிடக்கும் மேடு. "அங்கால முழங்கால் மணல். சைக்கிளத் தூக்கிட்டுத்தான் போகணும்," என்கிறான் கூட்டாளி ஜெமீல். "தூக்குவம். சனிக்கிழமை சுபஹு தொழுதிட்டு வெளிக்கிட்டாச் சரி." ஃபாஹிமின் கைபேசியிலுள்ள இங்கிலீஸ் நாட்காட்டியில் அந்தச் சனி வெறுமையாகத்தான் இருக்கிறது.

படலையைத் தள்ளிக்கொண்டு உம்மா வருகிறாள். இடுப்பில், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய சஹன்கள். பலர் சுற்றியிருந்து சாப்பிடும் அந்தப் பெரிய தட்டுகள் வெயில் பட்டு மின்னுகின்றன. "என்னத்துக்கு உம்மா இவ்வளவு சஹன்?" என்று ஃபாஹிம் கேட்கிறான். ஜெமீல் சட்டென்று தலையைக் குனிந்துகொள்கிறான். காற்றில் சைக்கிள் சில்லு மெல்லச் சுழல்கிறது. "சனிக்கிழமை றஜப் பிறை பன்னிரண்டு, மகன். வாப்பா மௌத்தான நாள். வருசக் கத்தம் ஓதிச் சோறு குடுக்கணும்." மணலில் கிடக்கும் கீறலையும் சைக்கிளையும் உம்மா பார்க்கிறாள். குரலில் கோபமே இல்லை. "பரவாயில்ல, நீங்க போய்ட்டு வாங்க. பள்ளி லெப்பைக்கிட்டச் சொல்லி ஓதுறத ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக்கிறன்." கீறலை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு உள்ளே போகிறாள். ஃபாஹிமுக்குக் காது சுடுகிறது. முகத்தை மூடத் தூக்கிய கைகள் பாதியில் நிற்கின்றன. விரலெல்லாம் வாப்பாவின் சைக்கிள் கிறீஸ்.