மாற்றாத இன்ஜின்

சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சுற்றி வந்த பெரியவர் பெயின்டையும் பார்க்கவில்லை, டயரையும் பார்க்கவில்லை.

“இன்ஜின் மாத்திகீறியா தம்பி?”

ஒரகடத்தில் பழைய கார் விற்கும் பகலவன் அவசரமாகக் கார் கண்ணாடியைத் துடைத்தான். இன்சூரன்ஸ் ஏலத்தில் எடுத்த வண்டி அது. தண்டலம் பக்கம் லாரி பக்கவாட்டில் இடித்ததில், ஓட்டிவந்த அன்பு என்கிற பையன் அங்கேயே செத்துப்போனான். நசுங்கிய கதவை மாற்றி, பெயின்ட் அடித்து நிறுத்தியிருந்தான் பகலவன்.

“ஒரு ஸ்க்ரூகூட கழட்டல சார். ஓனர் கனடா பூட்டாரு, அதான் வித்துட்டாரு.”

“கனடாவா?” பெரியவர் அவனையே பார்த்தார். “சைலன்சரும் பழசுதானா?”

“புதுசு வேணும்னா போட்டுத் தரேன்.”

“வாணாம். ஸ்டார்ட் பண்ணு.”

இன்ஜின் உறுமியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எதையாவது கண்டுபிடித்துவிடுவாரோ என்று பகலவனுக்கு வியர்த்தது.

“ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க சார்.”

“எனக்கு ஓட்டத் தெரியாதுப்பா.”

“அப்போ வண்டி யாருக்கு?”

பெரியவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாரையோ அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, இன்ஜின் பக்கத்தில் நீட்டினார்.

“சந்திரா, கேக்குதா?”

மறுமுனையில் மூச்சுச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண்குரல்.

“அன்பு தெருமுனைக்கு வந்துட்டான் போலகீதே. இரு, கேட்டைத் தொறக்கிறேன். புள்ள பசியோட வருவான்.”

பகலவன் சட்டென்று இன்ஜினை அணைக்கப் போனான். பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அணைக்காத தம்பி. அவன் போனதுலேர்ந்து அவ இன்னிக்குத்தான் வாயத் தொறக்குறா.”