தம்பிக்கு ஒரு பை

"மரத்துல தொங்கிக்கிட்டே கொப்பு வெட்டுற பெல்ட்டு, கயிறு, கொக்கி எல்லாம் கொள்ளணும் காக்கா," என்றாள் ரஹீனா.

மட்டாஞ்சேரி பஜாரில் பைக்கடை வைத்திருந்த, எல்லோரும் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் ஜாபர் சாதிக், பெரிய முதுகுப்பை ஒன்றை எடுத்துப் போட்டார்.

"இது ரொம்பக் கனமா இருக்கு."

அடுத்ததைத் தோளில் மாட்டிப் பார்த்தாள். வார் அறுக்கிறது என்றாள். இன்னொன்றில் ஜிப் சிக்கியது. அதற்கடுத்தது வேலைக்குப் போகும் படகுக் கூட்டத்தில் ஆட்களை இடிக்குமாம். ஜாபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன மோளே, மரம் ஏறுற ஆளுக்கு இந்தப் பை ஒரு பாரமா? மாப்பிள்ளையைக் கூட்டிட்டு வா. அவரே மாட்டிப் பார்க்கட்டும்."

ரஹீனா வாரைத் தடவியபடியே சொன்னாள்.

"அவரு இல்ல காக்கா. மழைக்கு முன்னாடி வைப்பின் தீவுல பலாமரத்துலேர்ந்து விழுந்துட்டாரு."

ஜாபர் பதறி எழுந்தார். "யா அல்லாஹ்! பெல்ட்டு அறுந்துபோச்சா?"

"பெல்ட்டு புத்தம்புதுசு காக்கா. கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு. சாக்குல கட்டித் தூக்கிட்டுப் படகுல ஏறினா எல்லாரும் மொறைக்கிறாங்கன்னு அன்னிக்கு வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டாரு."

ஜாபர் எடுத்துப் போட்ட பைகளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"நாளைக்கு அவரு தம்பி ஷமீல் அதே வேலைக்குப் போறான். வேண்டாம்னா கேட்கமாட்டேங்குறான்." ரஹீனா வாரிலிருந்து கையை எடுத்தாள். "எந்தப் பையைக் கொடுத்தா அவன் வீட்டுல விட்டுட்டுப் போகமாட்டானோ, அதை எடுங்க காக்கா."