நான்கு பேர் நின்ற வாசல்

“ஆத்தா, இந்தக் குடிசையக் காட்டி ஏற்கனவே கடன் வாங்கியாச்சு.”

“எவன்யா வாங்குனது? நான் இதுக்குள்ளதான கெடக்கேன்!”

“செல்போன் ஏத்துக்கிட மாட்டேங்குதே, நான் என்ன செய்ய...”

“செல்போனா மழையில நனையுது? நானுல்ல நனையுறேன்!”

அரசாங்க வீட்டுக் கடனுக்குத் தகுதியான வீடுகளைத் தேடி வந்தவர், செல்போனை ஒச்சம்மாள் முகத்துக்கு நேரே நீட்டினார். குடிசையில் இருப்பவருக்குத்தான் கடன். அதன் முன்னால் நின்று படம் பிடிக்க வேண்டும். அவளுடைய ஓலைக்கூரையின் கீழ் நின்று எடுத்த நான்கு படங்கள் ஏற்கனவே அந்தச் செல்போனில் இருந்தன. முதல் படத்தில் வார்டு மெம்பர் செல்லக்கண்ணு. மோதிரத்தைக் கழற்றிவிட்டு, எங்கேயோ இரவல் வாங்கிய கிழிந்த துண்டைத் தோளில் போட்டிருந்தார். மற்ற மூன்றிலும் அவருடைய தம்பிகள். ஏழை மூஞ்சி வைக்கத் தெரியாமல் ஒருவன் சிரித்துத் தொலைத்திருந்தான்.

“ஒரு நிமிசம் நின்னுக்கிறோம் மதினி” என்று வந்தவர்களுக்கு வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கொடுத்தவள் அவளேதான்.

ஒச்சம்மாள் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். பானையை இடுப்பில் ஏற்றினாள். நேரே மெம்பரின் புது மாடிவீட்டுக்குப் போய், இரும்புக் கேட்டைக் காலால் எத்தினாள். உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவி சட்டென்று நின்றது.

“கொழுந்தனாரே, என் குடிசையக் காட்டிக் கட்டுன வீட்டுல எனக்கு எந்த ரூமு?”