கை பொறுக்கும் சூடு

“நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு மில்லுல நிக்கணும். நீங்க பூனைக்கு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்கீங்க.”

சேசம்மாள் மூன்றாவது தடவையாகச் சொன்னாள். அவள் புருஷன் சிங்கராயர் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தாராவியில் ஐந்து நாளாக விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டுக்குள் இருட்டிவிட்டது. மனுஷன் கதவோரம் உட்கார்ந்து, மழைக்கு ஒதுங்கிய பூனை ஒன்றை மடியில் போட்டு, அதன் முன்னங்காலை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதத்தின் சதைக்குள் சோடா பாட்டில் சில்லு ஒன்று ஏறியிருந்தது.

பூனை பாவம்தான், யார் இல்லையென்றது? ஆனால் சேசம்மாளின் கவலை வேறு. சிங்கராயர் ஆறு வருஷமாக மில்லில் பத்லி. தினமும் காலையில் வாசலில் போய் நிற்க வேண்டும். எவனாவது வராமல் இருந்தால் அவன் இடத்தில் வேலை. எல்லாரும் வந்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். ஒருவழியாக இப்போதுதான் பெர்மனென்ட் ஆக்குகிறோம் என்று சீட்டு வந்திருக்கிறது. நாளைக்கு மில் டாக்டர் பார்த்து, உடம்பு சரி என்று எழுதிவிட்டால் போதும். ஊரில் அக்கா வீட்டில் விட்டிருக்கும் மகள் ரோஸியை அடுத்த மாதமே கூட்டிவந்துவிடலாம். பிள்ளைக்கு எட்டு வயது. போன தடவை ஊருக்குப் போனபோது அது அக்காவை அம்மா என்றும், சேசம்மாளைச் சித்தி என்றும் கூப்பிட்டது. பெற்றவளுக்கு அது இன்னும் ஆறவில்லை.

இந்த மனுஷனோ சீட்டு வந்த நாளிலிருந்து ஏதாவது ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். தறிச் சத்தம் காதுக்கு ஆகவில்லை என்றார். பத்லியாக இருப்பதே நிம்மதி என்றார். இன்றைக்குப் பூனை வாகாக வந்து அகப்பட்டது. இது கால் ஊன்றி நடக்கட்டும், அடுத்த வாரம் டாக்டரைப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். பொறுப்பில்லாத ஆளுக்கு வாக்கப்பட்டோமே என்று நொந்துகொண்டாள். சண்டை போட்டால் முறுக்கிக்கொண்டு காலையில் எழுந்திருக்கவே மாட்டார். பூனைக் காலைச் சீக்கிரம் கட்டி முடிப்பதுதான் வழி என்று அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சட்டையைக் கழற்றச் சொன்னாள். நாளைக்குப் போட்டுக்கொண்டு போக அந்த முழுக்கைச் சட்டை ஒன்றுதான் உருப்படி. இருக்கட்டும் என்றுவிட்டார். அவர் பூனையை அமுக்கிப் பிடிக்க, அவள் நகத்தால் நெம்பிச் சில்லை எடுத்தாள். பூனை துள்ளி அவர் புறங்கையைப் பிராண்டியது. மூன்று கோடாக ரத்தம் வந்தது. அவர் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. இந்தப் பொறுமையில் பாதியை வேலையில் காட்டினால் தேவலை என்று நினைத்துக்கொண்டாள் சேசம்மாள்.

அலறல் கேட்டு அடுத்த வீட்டு மர்யம் எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டில் எந்நாளும் நாலு பூனை உண்டு.

“உப்புத் தண்ணியில கால முக்கி எடுத்துட்டு மஞ்சப்பத்து போடுளா. தண்ணி கை பொறுக்குத சூட்டுல இருக்கட்டும், பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சேசம்மாள் ஸ்டவ்வில் கொதித்த தண்ணீரைச் சட்டியில் ஊற்றி உப்பைப் போட்டாள். பச்சைத் தண்ணீர் கலந்து பதம் பார்க்கச் சொல்லி அதை அவர் பக்கம் தள்ளிவிட்டு, பழைய வேட்டியில் துணி கிழித்தாள். கிழித்துக்கொண்டே நாளைக்கு நடந்துகொள்ள வேண்டிய விதத்தைப் பாடம் நடத்தினாள். டாக்டர் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், பூனை பிராண்டியதைக் கேட்டால் ஆணி கீறியது என்று சொல்ல வேண்டும். சிங்கராயர் ஒரு குவளைத் தண்ணீரைக் கலந்து, கையை உள்ளே விட்டுத் துழாவினார்.

“கை பொறுக்குது” என்றார்.

பூனையின் காலை முக்கியதுதான் தாமதம். அது வீலென்று கத்தி, திமிறி, அவள் கையிலிருந்த துணியையும் சட்டிக்குள் தட்டிவிட்டுக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தது.

“வெதுவெதுன்னுதான் இருக்கு. எல்லாம் நடிப்பு” என்று முணுமுணுத்தபடி, துணியை எடுக்க அவர் மறுபடியும் தண்ணீருக்குள் கையை விட்டார்.

சேசம்மாளும் விட்டாள். விட்ட வேகத்தில் “ஆண்டவரே” என்று கையை உதறினாள். விரல் நுனியெல்லாம் எரிந்தது. அவர் கை மட்டும் நிதானமாக இன்னும் துணியைத் தேடிக்கொண்டிருந்தது.

அவள் அந்தக் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். மணிக்கட்டு வரை செக்கச்செவேலென்று வெந்திருந்தது. சிங்கராயர் நனைந்த சட்டைக் கையை மெதுவாக மேலே சுருட்டினார். முழங்கைக்குக் கீழே, தேமல் என்று இத்தனை நாளாக அவளிடம் சொல்லி வந்த வெள்ளைப் படை இப்போது உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது.

“மில் டாக்டரு கண்ண மூடச் சொல்லிட்டு, இங்ஙன தொட்டுத் தொட்டு, தெரியுதான்னு கேப்பாராம்ளா. பெருவியாதிக்காரனுக்கு யாரு வேலை குடுப்பா? பிள்ளைய வரச் சொல்லி எழுதிராத.”

பிறகு வெந்த விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

“மரப்பு முழங்கையோட நின்னுரும்னுல்லா நெனச்சேன், சேசம்மா. வெரல் வரைக்கும் எறங்கிட்டுதா?”